அம்மாவின் கடைசிச் சாட்சி

மார்கழி முப்பத்தோராம் திகதி, வருஷத்தின் கடைசி நாள், காலை எட்டு மணிக்கே எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். எடுத்தால் மன்னிப்பு. "இந்த வருசத்தில நான் ஏதும் பிழையா நடந்திருந்தா மனசில வையாதேங்கோ" என்று ஒருவர் சொல்ல, நீங்களும் வையாதேங்கோ என்று நான் சொல்ல, இரண்டு நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். என்ன பிழை என்று அவரும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்தவர். மாப் பிசைந்த கையோடு ஓடி ஓடி எடுத்து எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இது எங்கள் போதகர் கொண்டுவந்த வழக்கம். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபை பெரிய சபை அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் பாதி, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மீதி, அவர்களுக்கு நடுவே மலேசியா, சிங்கப்பூர்க் குடும்பங்கள் நாலைந்து. பெண்டில் ஹில்லில் வெள்ளைக்காரர்களின் தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தினோம். போதகர் திருநெல்வேலிக்காரர். கிழமை நாட்களில் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் பிரசங்கம். என் மகன் வயதுதான் இருக்கும், என்றாலும் எல்லோருக்கும் அவர் ஐயா.

வருஷக் கடைசியில் திருவிருந்து எடுக்குமுன், யாருக்கு விரோதமாக நடந்தோமோ அவர்களிடம் நேரே போய் ஒப்புரவாக வேண்டும், ஆண்டவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்காரக் கூடாது என்று ஐயா வந்த முதல் வருஷமே சொல்லிவிட்டார். எல்லோரும் தலையை ஆட்டினோம். ஆனால் நேரே போவதென்றால் பிளாக்டவுனுக்கும் லிவர்பூலுக்கும் என்று சிட்னியின் மூலை மூலைக்கு அந்தக் கோடை வெயிலில் கார் ஓட வேண்டும். ஆகவே தொலைபேசி.

சிலர் மட்டும் உண்மையாகவே பாவத்தைச் சொல்லிவிடுவார்கள். அதுதான் பெரிய தொல்லை. ஒரு வருஷம் ஒரு பெண் எடுத்து, நான் நத்தாருக்குக் கொடுத்த கிறிஸ்மஸ் கேக் காய்ந்துபோய் இருந்தது என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டதாகவும், அது தன் மனதை உறுத்துவதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கேக்கைப் பற்றி அப்படி ஒரு பேச்சு உலாவுவது அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லி வைத்தேன். அந்த நாலு பேர் யார் யார் என்று யோசித்தே தை மாதம் முழுவதும் போய்விட்டது. அவளுக்கு மனம் லேசாகிவிட்டது, எனக்குப் பாரமாகிவிட்டது. என்ன கணக்கு இது என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரைப் பார்த்தபடி சிரித்தார்.

நான் சொல்ல வந்தது கேக் கதை அல்ல. அக்காவின் கதை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கிரவீனில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மெல்லிய குரல், மெலிந்த உடம்பு, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. எனக்கோ கோபம் மூக்கு நுனியில். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று சபையில் எல்லோரும் கேட்பார்கள். ஒத்துப்போனது, அவ்வளவுதான். அவர் என்னைப் பிள்ள என்று கூப்பிடும்போது எவ்வளவு கோபமாக இருந்தாலும் எனக்கு அரைவாசி இறங்கிவிடும்.

என்னுடைய கோபம் அம்மாவிடமிருந்து வந்த சீதனம். அம்மா எண்பதுகளின் கடைசியில், ஊரில் இனி இருக்க முடியாது என்றான பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். வாய் கொஞ்சம் நீளம். என் மகன் வளர்ந்த பிறகும் அவருக்கு நான் பெட்டைதான், சின்னப் பெண்தான். கோயிலுக்கு ஒழுங்காக வருவார், ஆனால் பிரசங்கம் நீண்டுபோனால் முன் வரிசைக்குக் கேட்கும்படி பெருமூச்சு விடுவார். இரவு ஜெபம் கேட்டால் சிரிப்பு வரும். "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். அத்தோடு ஜெபம் முடிந்தது. நான் ஏதாவது சொன்னால், தெரிந்தவருக்குத் திருப்பிச் சொல்லி அலுப்புக் கொடுப்பானேன் என்பார்.

பத்து வருஷம் எங்களோடு இருந்தார். பிறகு குளியலறையில் ஒருமுறை விழுந்தார், சமையலறையில் ஒருமுறை விழுந்தார். இரண்டாவது தடவை நான் வேலையால் வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகாமல் வீட்டுக் கடனைக் கட்ட வழியில்லை. டாக்டர் சொன்னார், மகன் சொன்னான், கடைசியில் நானும் சரி என்றேன். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த நர்சிங் ஹோமில் சேர்த்தோம். நல்ல இடம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள். ஆனால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கொண்டுவந்து தள்ளிப்போட்டாய்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதன் பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

நான் மிகைப்படுத்தவில்லை. தினமும் வேலை முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், கைப்பையோடு நேரே அங்கேதான் போவேன். அம்மா என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டால் இழுக்க விடுவார். சாப்பாடு தீத்தினால் வாயைத் திறப்பார். பேச்சு மட்டும் இல்லை. ஆனால் அக்கா மத்தியானத்தில் மிளகு ரசத்தோடு போவார், அவரிடம் எல்லாக் கதையும் நடக்கும். அம்மா இன்றைக்கு என்னைப் பற்றி ஏதும் கேட்டாரா என்று அக்காவிடம் கேட்பேன். கேட்டாங்க பிள்ள என்று அக்கா சொல்லுவார். என்ன கேட்டார் என்றால் பதில் மழுப்பலாக வரும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் ஒபிசுக்குப் போன் வந்தது. ரயிலில் வர எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அக்கா கட்டிலருகே நின்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழக்கூட முடியாமல், அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அம்மா ஏதும் சொன்னவவோ?

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொன்னாங்க பிள்ள. என் மகளை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துச் சமாதானத்தோடே போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்கள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அதற்குப் பிறகு உயிரோடு இருந்தேன் என்று சொல்லலாம். அம்மா என்னை மன்னித்துவிட்டார், கோபத்தோடு போகவில்லை. செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். அடக்க ஆராதனையில் அதை வாசித்தார்கள். கல்லறையில் பதித்த வெண்கலத் தகட்டில் அம்மாவின் பெயருக்குக் கீழே அதையே வெட்டுவித்தோம். அம்மா அப்படிப் பேசுகிறவரா என்று மனதின் ஒரு மூலையில் ஒரு கேள்வி இருந்தது. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்தானே என்று போர்வையை இழுக்கிறவர் சாகும்போது மட்டும் பிரசங்கி மாதிரிப் பேசினாரா? கடைசி நேரத்தில் கிருபை கிடைத்திருக்கும் என்று அந்தக் கேள்வியை அதட்டி உட்கார வைத்துவிட்டேன்.

வருஷக் கடைசி ஆராதனையில் எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஒருவருக்கு விசா கிடைத்தது, ஒருவருக்கு ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. நான் வருஷாவருஷம் அம்மாவின் கடைசி வார்த்தையைச் சொல்லுவேன். பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் அக்கா தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும் என்று மண்டபத்தின் பின்னால் இருக்கும் குசினிக்குப் போய்விடுவார். சாட்சிக்குப் பிறகு திருவிருந்து. அதற்கும் வரமாட்டார், மாதாமாதம் எடுக்கும் திருவிருந்துக்கும் அப்படித்தான். அப்பமும் திராட்சை ரசமும் வரிசையாகக் கை மாறி வரும்போது அவருடைய கதிரை வெறுமையாகவே இருக்கும். தண்ணீர் கொதிப்பது ஆண்டவருக்காகப் பொறுக்காதோ என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். அக்கா சிரிப்பார். அடக்கமானவர், சேவை செய்வதிலேயே திருப்தி காண்கிறவர் என்று நாங்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டோம்.

அப்படி ஆறேழு வருஷம் ஓடியது.

அந்த வருஷம் நத்தாருக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரம் போதகர் எங்கள் இருவரிடமும் வந்தார். இந்த முறை சபைக்குப் புதிய குடும்பங்கள் பல வந்திருக்கின்றன, முப்பத்தோராம் திகதி அம்மாவின் சாட்சியை நான் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, நேரில் காதால் கேட்டவர் நீங்கள்தானே, நீங்களும் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு அது பலமாக இருக்கும் என்றார். அக்கா தனக்குப் பேச வராது என்று சொல்லிப் பார்த்தார். ஐயா விடவில்லை. இரண்டு வார்த்தை போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் உடனே என்ன சேலை உடுப்பது என்று கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

முப்பத்தோராம் திகதி வெயில் கொளுத்தியது. மலைப் பக்கம் எங்கோ காடு எரிந்து, அந்தப் புகை மணம் வீட்டுக்குள்ளும் வந்தது. ஆராதனை மாலை ஐந்து மணிக்கு. நடுநிசி ஆராதனை நடத்த எங்களுக்கும் ஆசைதான், ஆனால் மண்டபத்துச் சாவியை எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இளசுகளுக்கும் துறைமுகத்து வாணவேடிக்கைக்கு ரயில் பிடிக்க வேண்டும். நான் மத்தியானம் குசினியில் நின்று தேநீர் நேரத்துக்கு மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்த வெயிலில் நடந்து வந்து பின்கதவால் உள்ளே வந்தார். உதவிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை. கதிரையிலும் இருக்கவில்லை.

"அடுப்ப அணை பிள்ள" என்றார்.

அணைத்தேன்.

"அம்மா அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த அம்மா, என்ன சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு நான் ஓடி வந்து கேட்டபோது என் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம். ஒரு நாள் ஆறுதலுக்குச் சொன்னது தகட்டில் ஏறும், சாட்சியாகும், வருஷாவருஷம் தன் காதுக்குத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லையாம். எத்தனையோ தடவை சொல்ல வந்து திரும்பிப் போயிருக்கிறாராம். இனி ஆண்டவர் சமூகத்தில் நின்று அந்தப் பொய்யை இன்னொரு முறை சொல்லத் தன்னால் ஆகாது, மன்னித்துவிடு என்று இரண்டு கையையும் கூப்பினார்.

நான் மன்னிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் வாழ்நாளில் வந்ததில்லை. உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. பொய் சொன்னதற்காக அல்ல. அதைத் திருப்பி எடுத்ததற்காக.

"உங்கட பாரம் இறங்கவேணுமெண்டு கொண்டுவந்து என்ர தலையில இறக்கிறியள்" என்றேன். "இத்தனை வருசம் சுமந்தனீங்கள், சாகுமட்டும் சுமந்திருக்கக் கூடாதோ?"

போங்கோ என்றேன். போய்விட்டார். வெயிலில் அவர் குனிந்துகொண்டு தெருவைக் கடப்பதை ஜன்னலால் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை.

என் கணவர் வரவேற்பறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் எண்ணித்தான் பேசுவார். நான் கட்டிலில் போய் விழுந்து கிடந்தபோது தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்தானே என்று நான் புலம்பினேன்.

"உமக்குத் தெரியாமல் போயிருக்கும்" என்றார். "அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இந்த நேரத்தில் இவர் ஏன் நியாயம் பேச வேண்டும் என்று அவர்மேலும் பாய்ந்தேன். ஆனால் உண்மையில் நான் அழுதது அக்காவுக்காகவும் இல்லை, பொய்க்காகவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த அம்மாவின் முதுகு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. அந்த வார்த்தை போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது அந்த முதுகுதான். கொண்டுவந்து தள்ளிப்போட்டாய் என்பதுதான் அம்மா என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை என்று ஆகிவிடும்.

கோயிலுக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன். ஆனால் பொரித்த பற்றிஸ் மூன்று தட்டு மேசையில் கிடந்தது. சபை முழுவதும் அதை நம்பித்தான் தேநீர் குடிக்கப் போகிறது. வேறு என்ன செய்வது, முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். நினைத்து வைத்த சேலையை உடுக்கவில்லை.

மண்டபத்தில் மின்விசிறிகள் சூட்டைத்தான் சுழற்றின. அக்கா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய் இருந்தேன். பாட்டு, ஜெபம், பிரசங்கம். கடந்த வருஷத்தை ஆண்டவர் முன் விரித்து வைத்து, மறைத்தது எதுவும் இல்லாமல் புதிய வருஷத்துக்குள் போங்கள் என்று ஐயா பேசினார். ஒரு சொல்லும் என் காதில் ஒட்டவில்லை. பிறகு எங்கள் இருவரையும் முன்னே அழைத்தார்.

நான் எழுந்தேன். புதிதாக வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். பழையவர்கள் இப்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். பழகிய வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அக்கா பின்னால் எழுந்து நிற்பது தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

"இண்டைக்குச் சொல்ல ஏலாது ஐயா" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

துக்கத்தில் பேச முடியவில்லை என்று ஐயா நினைத்துவிட்டார். பரவாயில்லை, ஆண்டவர் கண்ணீரையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார் என்று சபைக்குச் சொன்னார். இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு அதுவும் கோபமாக வந்தது.

திருவிருந்துக்கு ஆயத்தம் பண்ணினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது தண்ணீர் கொதிக்க வைப்பதற்காக இல்லை, சேவையும் இல்லை, அடக்கமும் இல்லை. என் அம்மாவின் வாயில் ஒரு வார்த்தையை வைத்துவிட்டு, அந்தப் பொய்யோடு அப்பத்தைத் தொடப் பயந்து, இந்த மனுஷி இத்தனை வருஷமாகத் திருவிருந்து இல்லாமல் இருந்திருக்கிறார். சிறு வயதிலிருந்து ஒரு மாதம் தவறாமல் எடுத்தவர். நான் அவரிடம் பகிடி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கோபம் எங்கேயும் போகவில்லை, அந்தக் கோபத்தோடேயே எழுந்து பின்னால் போனேன்.

குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே தேநீர் கொடுப்பதற்கென்று ஒரு சிறு ஜன்னல் உண்டு. அது பாதி திறந்திருந்தது. ஐயாவின் ஜெபம் உள்ளே கேட்டது. அக்கா கோப்பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

"அப்ப அம்மா என்ன சொன்னவ? ஒண்டுமே சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"சொல்லும்படியா ஒண்ணும் இல்ல பிள்ள."

"சொல்லும்படியோ இல்லையோ எண்டு நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் சொல்லுங்கோ."

அக்கா கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் தேநீர் வண்டி வந்திருக்கிறது. தேநீரில் சீனி காணாது என்று அம்மா அந்தப் பெண்ணைத் தமிழில் ஏசியிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு சீனிப் பொட்டலம் கொடுத்திருக்கிறாள். அரைக் கோப்பை குடித்திருக்கிறார். தேநீரோடு வழக்கமாகப் பிளாஸ்டிக் உறையில் இரண்டு பிஸ்கட் வரும். அதை அம்மா பிரிக்கவில்லை. அக்காவின் கையில் வைத்து அழுத்தினாராம்.

அக்காவுக்கு எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு வாயில் வராது, முயன்றால் நாங்கள் சிரிப்போம். ஆனால் அதை மட்டும் அவர் அம்மா சொன்னபடியே சொன்னார். அத்தனை வருஷமும் ஒரு எழுத்துச் சிந்தாமல் வைத்திருந்திருக்கிறார்.

"இதைப் பெட்டைக்கு எடுத்து வையும் பிள்ளை. வேலையால பசியோட வருவாள்."

அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் சரிகிறேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்குகிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறார். நர்ஸ் வந்து பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது.

"இதப் போயி எப்படிப் பிள்ள சொல்றது?" என்றார் அக்கா. "எங்க ஊர்ல சாகும்போது வசனம் சொல்லிட்டுச் சாவாங்க. ஒரு கிறிஸ்தவ அம்மா கடைசியா பிஸ்கட்டப் பத்திப் பேசினாங்கன்னு எப்படிச் சொல்ல? நீ வேற அப்படி ஒரு முகத்தோட வந்து நின்ன. அதான் நானே உனக்காக ஜெபம் பண்ணின மாதிரி ஒண்ணச் சொன்னேன்."

நான் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் குரல் அந்தக் குசினிக்குள் நின்றது. அதுதான் என் அம்மா. ஒரு சொல் கூட மாற்ற வேண்டியதில்லை. பேசாமல் இருந்த அத்தனை நாளும், நான் கைப்பையோடு நேரே வருகிறேன், வீட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டுதான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

"அந்தப் பிஸ்கட் எங்கை?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அக்கா தரையைப் பார்த்தார். "நான் தின்னுட்டேன் பிள்ள. டாக்டர் வந்து, ஆம்புலன்ஸ் வந்து, எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போயி பையத் திறந்தா அது கெடந்துச்சு. காலைலருந்து ஒண்ணும் திங்கல. யோசிக்காம தின்னுட்டேன். அதுக்கும் சேத்துத்தான் மன்னிப்புக் கேக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, அழுகை திரும்பவும் சிரிப்பாகி, மண்டபத்தில் ஒன்றிரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். தகட்டை மாற்றிவிடலாம், செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அது அப்படியே கிடக்கட்டும், அது நீங்கள் எனக்காகச் செய்த ஜெபம்தானே என்றேன்.

அப்போது போதகரின் மனைவி ஜன்னலால் தட்டை நீட்டினார். எங்கள் இருவரையும் மண்டபத்தில் காணாமல் கொண்டுவந்திருக்கிறார். சிறு சிறு துண்டாக வெட்டிய அப்பம், தட்டின் ஓரத்தில் இரண்டு மூன்றுதான் மிச்சம் இருந்தன. அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு பிள்ள. நீ மன்னிச்சிட்டேன்னு சொன்னாத்தான் நான் தொடுவேன்."

காலையிலிருந்து தொலைபேசியில் பத்துப் பேருக்கு அந்த வார்த்தையை வாரி வழங்கியவள் நான். அக்காவுக்குச் சொல்ல அது போதாது போல் இருந்தது. எனக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா" என்றேன். "அம்மா சொன்ன மாதிரியே."

அக்கா சொன்னார். இந்த முறையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

"அப்ப அம்மா என்னோட கோவமா இல்லை" என்றேன்.

"கோவந்தான் பிள்ள" என்றார் அக்கா. "ரொம்பக் கோவம். ஆனா உனக்குப் பசிக்குமே."

மண்டபத்தில் சபை வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டோம்.